கிறிஸ்தவக் கல்லூரியில் மானிடவியல் மேஜர்: எந்தப் பாதை யாருக்கு?

பில்லி கிரகாம் 1943-ல் இல்லினாய் மாநிலத்து வீட்டன் கல்லூரியில் வாங்கிய பட்டம் இறையியலில் அல்ல, மனிதரையும் அவர்கள் பண்பாடுகளையும் ஆராயும் மானிடவியலில். அமெரிக்கச் சுவிசேஷக் கல்லூரிகளில் இந்தப் பாடத்துக்கு அவ்வளவு பழைய இடம் உண்டு. இருந்தும், விசுவாசமும் மானிடவியல் ஆர்வமும் சேர்ந்த ஒரு பிள்ளை மே 1-ஆம் தேதிக்குள் எந்தக் கல்லூரிக்கு முன்பணம் கட்டுவது என்று முடிவெடுக்கத் திணறுவதைப் பார்க்கிறோம். பொதுவாக நான்கு வழிகள் முன்னால் நிற்கும்: வீட்டன் போன்ற சுவிசேஷக் கல்லூரியில் மானிடவியல்; அதே மாதிரிக் கல்லூரியில் ‘இன்டர்கல்ச்சுரல் ஸ்டடீஸ்’; நோட்ர டாம் போன்ற கத்தோலிக்க ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல்; மாநிலப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்துக்கொண்டு ஞாயிறு ஆராதனை, மாணவர் ஐக்கியம் என்று விசுவாச வாழ்வை வெளியே வைத்துக்கொள்வது.

பெற்றோர் பெரும்பாலும் கல்லூரியின் பெயரையும் அதன் ஆவிக்குரிய சூழலையும் வைத்து முடிவெடுக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் நான்கு வருடம் கழித்து கையில் நிற்கப்போவது துறை கொடுத்தது மட்டும்தான்: எந்தப் பாடங்கள் நடந்தன, களத்தில் எவ்வளவு வேலை செய்தார், பரிந்துரைக் கடிதம் எழுத யார் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் பட்டத்தின் பெயர்

மானிடவியலும் இன்டர்கல்ச்சுரல் ஸ்டடீஸும் ஒன்றுதான் என்று சேர்க்கை அலுவலர்கள் சில சமயம் சொல்வார்கள். ஒன்றல்ல. இரண்டாவது, மிஷனெரிப் பயிற்சியிலிருந்து வளர்ந்த படிப்பு. பண்பாட்டு மானிடவியல் அறிமுகம் ஒன்று இருக்கும். அதன் பிறகு பண்பாடுகளுக்கிடையிலான தொடர்பாடல், உலக மதங்கள், மிஷன் வரலாறு, சபை வளர்ச்சி, மொழி கற்கும் முறை என்று போகும். மானிடவியல் கோட்பாட்டு வரலாறும், மக்களோடு தங்கிக் கவனித்து எழுதும் இனவரைவியல் ஆய்வு முறையும் பல இடங்களில் கட்டாயமாக இருக்காது. துறையின் முன்னோடிகளான போவாஸ், மலினோவ்ஸ்கி தொடங்கி இன்றுவரை வந்த வாதங்களை ஒரு செமஸ்டர் முழுக்கப் படிக்காமலே பட்டம் வாங்கிவிடலாம்.

இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. அமெரிக்காவில் ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் ‘சிஐபி’ என்ற அரசு வகைப்பாட்டு எண் இருக்கிறது. மானிடவியல் 45.0201. சமூகவியலும் மானிடவியலும் சேர்ந்த பட்டம் 45.1301. மிஷன் படிப்பு 39.0301. இன்டர்கல்ச்சுரல் ஸ்டடீஸ் எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்; சில இடங்களில் மிஷன் எண்ணிலேயே இருக்கும். அரசின் ‘காலேஜ் நேவிகேட்டர்’ தளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடி, பாடவாரியாக எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்ற பகுதியைத் திறந்தால் சென்ற ஆண்டு மானிடவியலில் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். இந்த எண்ணிக்கை பின்னால் இன்னொரு காரணத்துக்கும் தேவைப்படும்.

மிஷன் ஊழியத்துக்கே போகப்போகிறேன் என்று உறுதியாக இருப்பவருக்குக்கூட மானிடவியலைத்தான் பரிந்துரைப்போம். பால் ஹீபர்ட்டின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. மிஷனெரிப் பெற்றோருக்கு 1932-ல் ஹைதராபாத்துக்கு அருகே ஷம்ஷாபாத்தில் பிறந்தவர் அவர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் முனைவர் பட்டத்துக்காகத் தெலங்கானாவின் கொண்டூரு கிராமத்தின் அமைப்பை ஆராய்ந்தார். அந்த நூல் 1971-ல் வந்தது. மேலே கடவுள், கீழே இயற்கை விதிகள் என்று இரண்டு தளங்களோடு வந்த மேற்கத்திய மிஷனெரிகள், நடுவில் பேய், கண்ணேறு, முன்னோர், குறி சொல்லுதல் என்று மக்கள் வாழும் தளத்தைப் பார்க்கவே இல்லை என்று 1982-ல் அவர் எழுதியது, மிஷன் பணியை ஆராயும் மிஷனியல் துறையையே திருப்பிப் போட்டது. இறையியல் மட்டும் தெரிந்த ஒருவரால் அதைக் கண்டிருக்க முடியாது. கிராமத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதப் பழகிய கண்ணுக்குத்தான் அது தெரிந்தது. மிஷன் வரலாற்றை வேலையில் சேர்ந்த பிறகு சபை அமைப்புகளே சொல்லித்தரும். களக் கண்ணைப் பிற்பாடு சொல்லித்தர ஆளிருக்காது.

நான்கு கிளைகளில் எத்தனை கிடைக்கும்

அமெரிக்க மானிடவியல், பண்பாட்டு மானிடவியல், தொல்லியல், மொழிசார் மானிடவியல், மனித உடலையும் பரிணாமத்தையும் ஆராயும் உயிரியல் மானிடவியல் என்று நான்கு கிளைகளாகப் பிரிந்தது. முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவரிடம் நான்கிலும் அடிப்படை இருக்கும் என்று பல துறைகள் எதிர்பார்க்கின்றன.

சிறிய சுவிசேஷக் கல்லூரியில் பண்பாட்டுக் கிளை நன்றாகவே இருக்கும். மொழியியலுக்குப் பெரும்பாலும் நல்ல பின்னணி உண்டு. வேதாகம மொழிபெயர்ப்பு இயக்கத்தோடு சேர்ந்து வளர்ந்த துறை அது. பண்பாட்டுக்கு உள்ளிருந்து பார்க்கும் அகவயப் பார்வை, வெளியிலிருந்து பார்க்கும் புறவயப் பார்வை என்று இன்று எல்லா மானிடவியல் வகுப்புகளிலும் பேசப்படும் ‘எமிக், எட்டிக்’ பாகுபாட்டை 1950-களில் உருவாக்கிய கென்னத் பைக், 1934-ல் தொடங்கிய கோடைகால மொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். தொல்லியல் இருந்தால் பெரும்பாலும் வேதாகம நாடுகளின் தொல்லியலாக இருக்கும். அதில் பழகிய பிள்ளை இஸ்ரேல் அகழாய்வுக்குத் தயார். ஆனால் அமெரிக்காவில் தொல்லியல் வேலைகள் பெருமளவு 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தால் உருவானவை. சாலை போடும் முன், குழாய் பதிக்கும் முன் நிலத்தை ஆய்வு செய்யும் நிறுவனங்கள்தான் ஆள் எடுக்கின்றன. அவர்கள் கேட்பது நான்கு முதல் ஆறு வாரக் களப்பள்ளிப் பயிற்சி: சீரான இடைவெளியில் சோதனைக் குழி வெட்டுவது, மண்ணைக் கால் அங்குலச் சல்லடையில் சலிப்பது, படிவ அடுக்கை வரைவது. அதைக் கோடை விடுமுறையில் வேறொரு பல்கலைக்கழகத்தின் களப்பள்ளியில் போய்ப் படிக்கலாம்.

சிக்கல் உயிரியல் மானிடவியலில் இருக்கிறது. வீட்டன் கல்லூரியின் விசுவாச அறிக்கை, ஆதாமையும் ஏவாளையும் தேவன் நேரடியாகப் படைத்தார், அவர்களே மனித குலம் முழுமைக்கும் வரலாற்றுப் பெற்றோர் என்று சொல்கிறது. பேராசிரியர்கள் ஆண்டுதோறும் அந்த அறிக்கைக்குத் தங்கள் உடன்பாட்டைப் புதுப்பிக்கிறார்கள். இப்படிப்பட்ட கல்லூரிகளில் பரிணாமத்தைச் சொல்லித்தரவே மாட்டார்கள் என்று நினைப்பது தவறு. கவனமாக, பல நிலைப்பாடுகளோடு சேர்த்துச் சொல்லித்தருவார்கள். ஆனால் எலும்பு வார்ப்புகளை மேசையில் வைத்து அளந்து பழகும் ஆய்வக வகுப்பும், அதையே தொழிலாகக் கொண்ட பேராசிரியரும் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். தடயவியல் மானிடவியல், முதனி (குரங்கினங்கள்) ஆய்வு, தொல்மனித ஆய்வு இவற்றில் ஆசையுள்ள பிள்ளைக்கு இந்தப் பாதை பொருந்தாது. தயக்கமில்லாமல் சொல்கிறோம்.

கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு. பரிணாம ஆய்வுக்குத் தடையில்லை என்று போப் 12-ஆம் பத்திநாதர் (பயஸ்) 1950-லேயே எழுதினார். அது வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று இரண்டாம் யோவான் பவுல் 1996-ல் சொன்னார். நோட்ர டாமில் உயிரியல் மானிடவியல் வலுவாக வளர்ந்ததற்கு இந்தச் சுதந்திரம் துணை நின்றது. தாயும் சேயும் சேர்ந்து உறங்குவதை ஆராய்ந்த ஜேம்ஸ் மெக்கென்னாவின் உறக்க ஆய்வகம் அங்கேதான் இருந்தது. இளங்கலை மாணவர் எல்லோரும் இரண்டு இறையியல் பாடங்கள் படித்தாக வேண்டும். விசுவாசமும் எலும்பும் ஒரே வளாகத்தில் கிடைக்கும் இடம் தேடுகிறவர்கள் புராட்டஸ்டன்ட் குடும்பம் என்பதற்காக இதை ஒதுக்கிவிட வேண்டாம்.

சுவிசேஷக் கல்லூரியையே தேர்ந்தெடுத்தவர் இந்தக் குறையை ஒரு கோடையில் சரிசெய்துகொள்ளலாம். அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் ஆய்வகத்தோடு கூடிய உயிரியல் மானிடவியல் அறிமுகப் பாடம் எடுக்க வேண்டும். வீட்டன் மாணவருக்கு டுபேஜ் கல்லூரி பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. பலர் தவறுவது வரிசையில்தான். முதலில் தன் கல்லூரிப் பதிவாளரிடம் பாடத்திட்டத்தைக் காட்டி, கிரெடிட் மாற்றத்துக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும்; பிறகுதான் பணம் கட்ட வேண்டும். ஆய்வகம் இல்லாத இணையவழி வடிவத்தை எடுத்துவிட்டால் கிரெடிட் ஏறினாலும் முனைவர் படிப்புச் சேர்க்கையில் அதற்கு எடை குறைவு.

களத்தில் நிற்கும் நேரம்

சிறிய கிறிஸ்தவக் கல்லூரியின் உண்மையான பலம் இங்கே இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் அறிமுக வகுப்பில் முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். விடைத்தாளைத் திருத்துவது ஆய்வு மாணவர். சிறிய கல்லூரியில் ஆய்வுமுறை வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர். உங்கள் களக்குறிப்பைப் பேராசிரியரே வரி வரியாகப் படிப்பார். களக்குறிப்பு என்பது திருத்தித் திருத்தித்தான் வரும். ஒரு மணி நேரம் கவனித்ததை முழுக் குறிப்பாக எழுத இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அன்றிரவே எழுதாவிட்டால் பேச்சின் சொற்கள் மறந்துபோகும். ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வேண்டும். இதையெல்லாம் இரண்டாம் வருடத்திலேயே உட்கார வைத்துச் செய்ய வைக்கும் துறைக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

வீட்டனின் ‘ஹங்கர்’ திட்டம் 1976-லிருந்து நடக்கிறது. மாணவர் ஆறு மாத காலம் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற இடங்களில் ஓர் உள்ளூர் அமைப்போடு தனியாகத் தங்கி வேலை செய்வார். இளங்கலையில் ஆறு மாதம் ஒரே இடம் என்பது அரிது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் வெளிநாட்டு செமஸ்டர் இதற்கு ஈடாகாது, அங்கே அமெரிக்க மாணவர்களே கூட்டமாகத் தங்குவார்கள். ஆனால் திட்டமிடலில் ஒரு கண்ணி உண்டு. கோடையில் தொடங்கி டிசம்பர் வரை களத்தில் இருப்பவருக்கு, டிசம்பரில் முடியும் முனைவர் விண்ணப்பத்தைச் செம்மையாக எழுத நேரமோ இணைய வசதியோ இருக்காது. பட்டம் முடித்து ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது. களத் தரவை வைத்து எழுதிய கட்டுரை அதற்குள் கையில் இருக்கும்.

சபையின் பத்து நாள் மிஷன் பயணத்தைக் கள ஆய்வாகக் கணக்குக் காட்டும் மாணவர்களும் உண்டு. அது கள ஆய்வாகாது: குழுவாகப் போய், மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசி, ஏற்பாட்டாளர் காட்டியதை மட்டும் பார்த்துத் திரும்புவது அது. வீட்டன் மானிடவியலாளர் பிரையன் ஹோவல் இந்தக் குறுகியகாலப் பயணங்களையே இனவரைவியல் ஆய்வுப் பொருளாக எடுத்து 2012-ல் நூலாக்கினார். பயணம் போவதற்கு முன்பே சொல்லப்பட்ட கதைதான் திரும்பி வந்தவர்களின் சாட்சியையும் வடிவமைக்கிறது என்பது அதில் வெளிப்படுகிறது. இப்படித் தன் சொந்தச் சமூகத்தையே ஆராயும் பேராசிரியர் இருக்கும் துறை நம்பிக்கைக்குரியது.

மனிதர்களிடம் ஆய்வு செய்யக் கல்லூரியின் ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும். சிறிய கல்லூரியில் இந்தக் குழு மாதம் ஒரு முறை கூடினாலே அதிகம். களம் தொடங்க ஆறு முதல் எட்டு வாரம் முன்பே விண்ணப்பம் போக வேண்டும். ஒப்புதலுக்கு முன் எடுத்த பேட்டிகளுக்குப் பிற்பாடு அனுமதி கிடைக்காது, ஆய்வேட்டில் அவற்றைப் பயன்படுத்த முடியாமல் போகும். மிஷன் அமைப்பு ஒன்றின் விருந்தினராகத் தங்கி ஆய்வு செய்தால் அந்தத் தொடர்பை ஒப்புதல் படிவத்திலேயே பேட்டி கொடுப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆய்வு என்று சொல்லிவிட்டு ஊழியம் செய்வது அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் நெறிகளுக்கு எதிரானது. நம்பிப் பேசிய மனிதருக்கும் துரோகம்.

விசுவாசம் வகுப்பறையில் என்ன ஆகும்

மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் விசுவாசம் போய்விடும் என்ற பயம் பெரிதுபடுத்தப்பட்டது. மானிடவியலின் பெரிய பெயர்களில் விசுவாசிகள் உண்டு. இவான்ஸ்-பிரிட்சர்ட் 1944-ல் கத்தோலிக்கர் ஆனார். மேரி டக்ளஸ் கடைசிவரை கத்தோலிக்கர். விக்டர் டர்னரும் எடித் டர்னரும் ஆப்பிரிக்காவில் சடங்குகளை ஆராய்ந்த பிறகு திருச்சபையில் சேர்ந்தார்கள். ஜோயல் ராபின்ஸ் போன்றோர் வந்த பிறகு கிறிஸ்தவத்தை ஆராயும் மானிடவியலே ஒரு தனிப் பிரிவாகிவிட்டது. ராமநாதபுரம் பகுதிக் கத்தோலிக்கக் கிராமம் ஒன்றில் சாதியும் கோவில் திருவிழாவும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று டேவிட் மோஸ் 1980-களிலிருந்து செய்த ஆய்வு நம் வாசகர்களுக்கு நேரடியாகவே தொடர்புள்ளது. இவை மதச்சார்பற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவை.

கிறிஸ்தவக் கல்லூரியை மதிப்பிட இதையே உரைகல்லாக வைக்கலாம். பாடப்பட்டியலில் மிஷனெரி மானிடவியலாளர்கள் மட்டும் இருக்கிறார்களா, அல்லது மிஷனை விமர்சிப்பவர்களும் இருக்கிறார்களா? லத்தீன் அமெரிக்கப் பழங்குடிகளிடையே மிஷன் பணியை நிறுத்தச் சொல்லி மானிடவியலாளர்கள் 1971-ல் வெளியிட்ட பார்படோஸ் பிரகடனத்தை மாணவர் படிக்கிறாரா? அதைப் படிக்க வைத்து, நியாயமாக விவாதித்து, அதற்குப் பிறகும் ஜெபத்தோடு வகுப்பை முடிக்கும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் மாநிலப் பல்கலைக்கழகம் தர முடியாததை அவர் தருவார். விசுவாசிகளின் அனுபவத்தை வேறொன்றின் முகமூடி என்று தள்ளிவிடாமல், அதே நேரம் அதைக் கேள்வியும் கேட்கும் பழக்கம் அது. அறிமுக வகுப்பின் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, தென்னாப்பிரிக்காவில் கிடைத்த தொல்மனித இனமான ஹோமோ நலேடி போன்ற கண்டுபிடிப்புகளுக்கு எத்தனை வகுப்பு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

துறையின் ஆயுள்

மேலே சொன்ன பட்ட எண்ணிக்கைக்கு வருவோம். ஆண்டுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களே பட்டம் பெறும் மேஜர், செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகத்தின் கண்ணில் முதலில் படும். மேஜரை மூடினாலும் சேர்ந்திருக்கும் மாணவர்கள் முடிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அங்கீகார அமைப்புகள் வலியுறுத்தும். ஆனால் பேராசிரியர்கள் அதற்குள் வேறிடம் தேடிப் போயிருப்பார்கள், கடைசி இரண்டு வருடம் தற்காலிக ஆசிரியர்களோடு கழியும். முழுநேர மானிடவியலாளர் மூன்று பேராவது வேண்டும். இரண்டு பேர் இருக்கும் துறையில் ஒருவர் ஆய்வு விடுப்பில் போனால் கோட்பாட்டுப் பாடம் அந்த வருடம் நடக்காது. சிறிய துறைகளில் மேல்நிலைப் பாடங்கள் ஒன்றுவிட்டு ஒரு வருடம்தான் வரும். எனவே முதல் செமஸ்டரிலேயே, வெளிநாடு போகும் செமஸ்டரை முதலில் குறித்துவிட்டு, மீதியை அதைச் சுற்றி அடுக்க வேண்டும். முனைவர் விண்ணப்பத்துக்கு மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். இரண்டு மானிடவியலாளர் மட்டும் தெரிந்த மாணவர், மூன்றாவதைக் கோடை ஆய்வுத் திட்டம் அல்லது களப்பள்ளி வழியாகத் தேடிக்கொள்ள வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: விலைப்பட்டியலைப் பார்த்து எதையும் தள்ளாதீர்கள். ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் உதவித்தொகை போக மிஞ்சும் நிகரச் செலவைக் கணக்கிடும் கருவி சட்டப்படி இருக்கும். நோட்ர டாம், குடும்பத்தின் நிரூபிக்கப்பட்ட நிதித் தேவை முழுவதையும் ஈடுசெய்யும் பல்கலைக்கழகம். குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அது சிறிய கல்லூரியைவிட மலிவாக முடியலாம். உள்மாநிலக் கட்டணத்தில் மாநிலப் பல்கலைக்கழகம் பல குடும்பங்களுக்கு இன்னமும் எளிது.

‘மானிடவியலாளர்’ என்ற பெயரில் வேலை கிடைக்கப் பெரும்பாலும் முதுகலை வேண்டும். இளங்கலையோடு நிற்பவர்கள் அகதிகள் மறுவாழ்வு, பொதுச் சுகாதாரம், பயனர் ஆய்வு இவற்றில் சேர்கிறார்கள். அதனால் மானிடவியலோடு கைத்தொழில் போல இன்னொன்றைச் சேர்ப்பது நல்லது: நர்சிங், புள்ளியியல், நிலவரைபடத் தகவல் முறைமை, அரபு அல்லது ஸ்பானிஷ். மருத்துவம் போக விரும்புவோர் உயிரியல், வேதியியல், இயற்பியல் முன்தேவைகளை முடித்துக்கொண்டு மானிடவியலில் மேஜர் செய்யலாம். ஹைத்தியில் மருத்துவமனை கட்டிய பால் ஃபார்மர் டியூக் பல்கலைக்கழகத்தில் படித்த மேஜர் இதுதான். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மானிடவியல், அரசின் ‘ஸ்டெம்’ (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை; படிப்புக்குப் பின் வேலை பார்க்க 12 மாதமே, கூடுதல் 24 மாதம் கிடையாது.

எலும்பும் பரிணாமமும் பிடித்தவர் கத்தோலிக்க அல்லது மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும். வளர்ச்சிப் பணி, அகதிகள், மொழி, ஊழியம் இவற்றில் மனம் உள்ளவருக்கு மூன்று மானிடவியலாளரும் நீண்ட களத் திட்டமும் உள்ள சுவிசேஷக் கல்லூரியே நம் முதல் தேர்வு. அங்கே இன்டர்கல்ச்சுரல் ஸ்டடீஸ் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதை மைனராக வைத்துக்கொண்டு மொழியியலையோ சமூகவியலையோ மேஜராக எடுக்கலாம். முன்பணம் கட்டும் முன், ஏப்ரல் முதல் வாரத்தில் துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்றைக் கேளுங்கள்: கோட்பாட்டுப் பாடத்தின் பாடத்திட்டம், அடுத்த நான்கு வருடத்துக்கான பாடச் சுழற்சி அட்டவணை, சென்ற இரண்டு வருட இறுதியாண்டு ஆய்வேடுகளின் தலைப்புகள்.